முள் சொல்லும் சாட்சி
பழைய கார்களுக்கு மானிகள் தேடும் முறையும் நெறியும்

கண்ணால் காண இயலாத ஒன்றை அளந்தறிய மனிதன் முற்பட்ட நாளிலேயே கருவி பிறந்தது. பொழுதை அறிய நாழிகை வட்டிலும், நெல்லை அறிய மரக்காலும், பொன்னை அறிய நிறைகோலும் நம் முன்னோரிடம் இருந்தன. அளவு பிழைத்தால் அறம் பிழைக்கும் என்பதைச் சமயங்கள் அனைத்தும் உணர்ந்திருந்தன. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், அளவிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் குறிக்கும் 'அல் முதஃப்பிஃபீன்' என்னும் பெயரையே பெற்றுள்ளது. வள்ளுவரும் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாகக் காட்டினார்.

அங்காடித் துலாக்கோலுக்குரிய இந்த அறம், மோட்டார் காரின் முகப்பில் ஓட்டுநரை நோக்கி நிற்கும் சிறு மானிகளுக்கும் உரியதா? உரியதே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஐம்பது, அறுபது ஆண்டு கடந்த கார்களைப் பேணுவோர் இன்று நம் நாட்டில் பெருகி வருகின்றனர். அவர்கள் பெரிதும் இடர்ப்படுவது பழுதான மானிகளுக்கு மாற்று தேடுவதில்தான். அத்தேடலில் எதை நோக்க வேண்டும், எதில் ஏமாறக் கூடாது என்பவற்றை, என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து இனிக் காண்போம்.

சென்னீர்குப்பத்து மோரிஸ் மைனர்

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் சென்னீர்குப்பம். அங்கு வாழ்ந்த என் பெரியத்தாவிடம் 1957ஆம் ஆண்டு ஆக்கமான மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த சிறிய கார் மோரிஸ் மைனர். அதன் '1000' ஆக்கம் 1956இல் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் வந்தது. முகப்புப் பலகையின் நடுவே ஒரே ஒரு பெரிய வட்டம். அதனுள்ளேயே வேகமானியும் எரிபொருள்மானியும் அடங்கிவிடும்.

1996ஆம் ஆண்டில் அக்காரின் எரிபொருள்மானி கலத்தில் எவ்வளவு இருந்தாலும் 'நிறைவு' என்றே காட்டத் தொடங்கியது. பெரியத்தா காரைப் பட்டறை ஒன்றில் விட்டார். அவர்கள் கலத்தின் கம்பிகளைத் துடைத்து முடுக்கியதோடு நில்லாமல், மானி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதே இனத்தின் பிந்திய ஆக்கக் காரொன்றைப் பிரித்தபோது கிடைத்த வட்டத்தை இதில் பொருத்தித் தந்தனர். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பழைய வட்டத்தைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டனர்.

மறுநாள் வைகறையில், வாலாஜாப்பேட்டையிலிருந்து பெரியத்தாவின் தமக்கையார் மறைந்த செய்தி வந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். முந்திய மாலை பெட்ரோல் நிரப்புமாறு மகனிடம் பெரியத்தா பணம் கொடுத்திருந்தார். புறப்படும்போது முள் 'நிறைவு' என்னும் குறியைத் தொட்டு நின்றது. மகன் நிரப்பிவிட்டான் என்று எண்ணிக்கொண்டார். புதிதாகப் போட்ட மானியாயிற்றே!

பள்ளி மாணவனாயிருந்த நான் பின்னிருக்கையில் இருந்தேன். சுங்குவார்சத்திரம் தாண்டிச் சிறிது தொலைவில் கார் இருமுறை விக்கி நின்றது. முள் அப்போதும் 'நிறைவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சினில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி ஒரு மணி நேரம் வீணாயிற்று. பிறகுதான் கலத்தின் மூடியைத் திறந்து காரை அசைத்துப் பார்த்தார் பெரியத்தா. உள்ளே நீரோசை போன்ற ஒன்றும் கேட்கவில்லை. லாரி ஒன்றில் ஏறிச் சென்று பெட்ரோல் வாங்கி வந்து, நாங்கள் வாலாஜாப்பேட்டையை அடைந்தபோது அஸர் தொழுகையும் முடிந்திருந்தது. தம்மை வளர்த்த தமக்கையின் மண்ணறை மீது ஒரு பிடி மண் இடும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை.

மகன் பெட்ரோல் நிரப்ப மறந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் மறதியைத் திருத்துவதற்காக அன்றோ முகப்பில் ஒரு மானியை வைத்தார்கள்? அம்மானி ஏன் பொய் சொன்னது? இதனை அறிய வேண்டுமாயின் மானிகள் எவ்வாறு பேசுகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மானிகள் பேசும் விதம்

முதலாவது வேகமானி. 1902இல் ஓட்டோ ஷுல்ஸே என்னும் ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற முறையே, மின்னணு மானிகள் வரும்வரை உலகெங்கும் வழங்கியது. கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு வளையும் கம்பி முகப்பு வரை வருகிறது. அது சுழலும்போது மானிக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல் அதனைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் உண்டு. காந்தச் சுழற்சியால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து அதனைத் திருப்ப முயல, மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் பின்னிழுக்கிறது. இவ்விரு விசைகளும் சமனாகும் இடத்தில் முள் நிற்கிறது. அதே கம்பி பற்சக்கரங்களின் வழியே ஓடிய தொலைவைக் காட்டும் எண்களையும் உருட்டுகிறது.

இரண்டாவது எரிபொருள்மானி. கலத்தினுள் ஒரு மிதவை. அது ஏறவும் இறங்கவும் ஒரு மின்தடையின் அளவு மாறுகிறது. அத்தடைக்கேற்ப மின்னோட்டம் கூடிக் குறைந்து முகப்பில் முள்ளை நகர்த்துகிறது. முகப்பில் உள்ள மானி இருவகைப்படும். பழைய வகையில் இரு கம்பிச்சுருள்கள் ஒரு சிறு இரும்புத் துண்டை இருபுறமும் இழுக்கும். முள் துள்ளி அசையும். 1960களின் நடுவில் பிரித்தானியக் கார்களில் பரவிய பிந்திய வகையில், இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று மின்னோட்டத்தால் சூடாகி வளைந்து முள்ளை நகர்த்தும். முள் மெதுவாகவே எழும்.

மூன்றாவது எண்ணெய் அழுத்தமானி. பிரான்சு நாட்டு யூஜீன் போர்டோன் 1849இல் கண்ட குழாயே இதன் உயிர். தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாயினுள் அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்நிமிர்வே முள்ளின் அசைவாகிறது.

நான்காவது வெப்பமானி. பழைய கார்களில் எஞ்சினிலிருந்து முகப்பு வரை ஒரு நுண்குழாய் ஓடும். அதன் முனைக் குமிழில் ஈதர் அடைக்கப்பட்டிருக்கும். நீர் சூடாக ஈதர் ஆவியாகி அழுத்தம் தரும். அதனை அளப்பதும் போர்டோன் குழாயே. பிந்திய கார்களில் இப்பணியை மின்சாரம் ஏற்றது.

ஐந்தாவது அம்மீட்டர். மின்கலம் மின்சாரத்தைப் பெறுகிறதா, இழக்கிறதா என்பதை இது காட்டும்.

இவற்றில் எதுவும் தனியே பேசுவதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேகமானிக்குக் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் துணை. எரிபொருள்மானிக்கு மிதவையும் தடையும் கம்பியும் துணை. முகப்பில் நாம் காணும் முள், ஒரு நீண்ட தொடரின் கடைசி வாய் மட்டுமே.

ஒத்த முகம், ஒவ்வாத உள்ளம்

பெரியத்தாவின் காருக்கு நேர்ந்தது யாது? கலத்தினுள் இருந்த மிதவை பழைய சுருள்வகை மானிக்கு உரியது. அவ்வகையில் கலம் வெறுமையானால் தடை குறையும், நிறைந்தால் கூடும். புதிதாகப் போட்டதோ சூட்டுத்தகடு வகை. அதற்கு இம்முறை நேர்மாறு. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். தகடு அதிகம் வளையும். முள் 'நிறைவு' நோக்கி ஏறும். ஆகவே பெட்ரோல் தீரத் தீர முள் ஏறியது. மிதவை சொன்னது உண்மை. மானி செய்ததும் தன் இயல்புக்கு உண்மையே. இருவரும் வேறு வேறு மொழி பேசியதால் கேட்டவர் ஏமாந்தார்.

இவ்வேறுபாடு பிரித்தானியக் கார்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஃபோர்டு கார்களில் நெடுங்காலம் வெறுங்கலத்துக்கு 73 ஓம், நிறைகலத்துக்கு 10 ஓம் என்பது வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலோ வெறுங்கலத்துக்கு 0 ஓம், நிறைகலத்துக்கு 90 ஓம். ஒன்றின் மானியை மற்றொன்றின் மிதவையோடு சேர்த்தால் வறுமை செல்வமாகத் தோன்றும்.

இன்னொரு பிழையும் அங்கே இருந்தது. சூட்டுத்தகடு வகை மானிகள் 12 வோல்ட் மின்கலத்தோடு நேரே இணைவதில்லை. சராசரி 10 வோல்ட் மட்டும் வழங்கும் ஒரு நிலைப்படுத்தி முகப்பின் பின்புறம் இருக்கும். கார் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறும். சூடு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே நிலைப்படுத்தி இன்றேல் தகடு பெறும் சூடு ஏறத்தாழ இருமடங்காகும். பழைய காரில் இந்நிலைப்படுத்தி இல்லை. இருக்க வேண்டும் என்று எவரும் எண்ணவுமில்லை.

வேகமானியிலும் பொய் புகுந்தது. 948 எஞ்சின் கொண்ட மைனரின் பின்னச்சு விகிதம் 4.55. 1962இல் வந்த 1098 எஞ்சின் மைனரில் அது 4.22. சக்கரம் ஒருமுறை சுழல, முன்னதில் வேகக்கம்பி அதிகமாகச் சுழலும். எனவே, பிற உறுப்புகள் ஒத்திருப்பின், பிந்திய காரின் வேகமானி முந்திய காரில் உண்மையைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு கூட்டிக் காட்டும். ஓடிய தொலைவையும் அவ்வாறே மிகுத்துக் கூறும். மாற்றிப் பொருத்தினால் இன்னும் கேடு. 60 மைல் வேகத்தில் ஓடும் காரை 56 என்று சொல்லி ஓட்டுநரை உறங்கவைக்கும்.

குற்றம் யாருடையது எனத் தெளிதல்

நபிமொழிக் கலையைப் பயின்றோர் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரை அறிவர். ஒரு செய்தியை இறுதியில் சொன்னவர் யார் என்று மட்டும் அறிஞர்கள் பார்ப்பதில்லை. அவர் யாரிடம் கேட்டார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்தனரா, நினைவாற்றல் உடையவரா என்று கண்ணி கண்ணியாக ஆராய்வர். இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், கடைசியில் நிற்பவர் எத்துணை நேர்மையாளராயினும் செய்தி வலுவிழக்கும். மானியைச் சோதிப்பதற்கும் இதுவே தக்க நெறி. முள் பொய் சொன்னால் முதற் குற்றவாளி முள் என்று முடிவு செய்தல் கூடாது.

எரிபொருள்மானியில் பெரும்பாலும் பழுதாவது கலத்துக்கும் காரின் உடலுக்கும் இடையிலுள்ள இணைப்பே. மெக்கானிக்குகள் இதனை 'எர்த்' என்பர். துருப்பிடித்தால் மின்னோட்டம் தடைப்படும். ஒரு சிறு சோதனை உண்மையைச் சொல்லிவிடும். மிதவையிலிருந்து கம்பியைக் கழற்றிக் காரின் உடலில் ஒரு நொடி தொடுக. பழைய சுருள்வகை மானியாயின் முள் 'வெறுமை'க்கு இறங்க வேண்டும்; கம்பியை எடுத்தால் 'நிறைவு'க்கு ஏற வேண்டும். சூட்டுத்தகடு வகையாயின் இதற்கு நேர்மாறாக மெல்ல நகரும். முள் இவ்வாறு நடந்துகொண்டால் மானி குற்றமற்றது. நோய் கலத்திலோ மிதவையிலோ உள்ளது. தம் காரில் இருப்பது எவ்வகை மானி என்பதை அறியவும் இதுவே எளிய வழி. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறி எழலாகாது. ஆதலால் கலத்தின் வாய்க்கு அருகில் இதனைச் செய்யாமல், முகப்பின் பின்புறம் மானியில் வந்து சேரும் அதே கம்பியிலேயே செய்தல் நலம்.

வேகமானியின் முள் நடுங்கினால் கம்பியைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்க்க. வழியில் கூர்மையாக வளைந்திருக்கலாம், எண்ணெய்ப்பசை உலர்ந்திருக்கலாம். பசையை அளவோடு இடுக. மிகுந்தால் அது கம்பி வழியே ஏறி மானிக்குள் புகுந்து கிண்ணத்தையே பற்றிக்கொள்ளும். எல்லா மானிகளும் ஒரே சமயத்தில் மிகுத்துக் காட்டினால் நிலைப்படுத்தியைச் சோதிக்க.

எங்கே தேடுவது?

இவ்வளவும் செய்த பின்னும் மானியே பழுது எனத் தெளிந்தால் தேடல் தொடங்குகிறது. தேடுமுன் பழைய மானியைக் கழற்றி அதன் முகத்தைப் படித்தல் வேண்டும். பிரித்தானியக் கார்கள் பலவற்றுக்கு மானி செய்தோர் ஸ்மித்ஸ் நிறுவனத்தார். லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய குடும்பம் அது. அவர்களின் வேகமானி முகத்தில், அடிப்புறத்தே சிறு எழுத்தில் ஓர் இலக்க வரிசை இருக்கும். அதனோடு தனித்து நிற்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எண், ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைச் சொல்லும். இவ்வெண்ணே அம்மானியின் குலமும் கோத்திரமும் எனலாம். வட்டத்தின் அளவும் முகத்தின் நிறமும் ஒத்திருந்து இவ்வெண் மாறினால் அது வேற்றுக் குடும்பம் என்று அறிக.

சென்னையில் முதலில் செல்லத்தக்க இடம் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை. கழித்துக்கட்டிய வாகனங்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் கடைகள் அங்கே தெருத்தெருவாக உள்ளன. புதிய உதிரிகளுக்கு அண்ணாசாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பெயர் பெற்றது. கொல்கத்தாவில் மல்லிக் பஜார் இத்தகைய சந்தை. இங்கிலாந்தில் பியூலி என்னும் ஊரிலுள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் 1967 முதல் நடைபெறும் பழைய உதிரிச் சந்தையும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் இலையுதிர் காலத்தில் கூடும் சந்தையும் உலகப்புகழ் பெற்றவை.

நம் நாட்டில் உருவான கார்களுக்குத் தேடல் சற்று எளிது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடருக்கும், மும்பையின் பிரீமியர் பத்மினிக்கும், சென்னையின் புறநகரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் உதிரிகள் இன்றும் அங்கங்கே அகப்படுகின்றன. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் எழுந்து இன்று பிரிக்கால் என வழங்கும் நிறுவனம், வாகன மானிகள் செய்வதில் நாடறிந்தது. ஆயினும் ஒரே பெயரில் அரை நூற்றாண்டு ஓடிய காரில் மானிகளும் மின்னமைப்பும் பன்முறை மாறின என்பதை மறத்தலாகாது. அம்பாசடர் மானி என்று கேட்டால் போதாது. எந்த ஆண்டு அம்பாசடர் என்றும் சொல்லுதல் வேண்டும். மைல் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா என்பதும் நோக்கற்பாலது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைக்கு நாம் மாறிய காலத்துக் கார்களில் இரண்டையும் காணலாம். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, மின்கலத்தின் எந்த முனை உடலோடு இணைகிறது என்பனவும் கேட்டறிய வேண்டியவை. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இணைவது நேர்முனை.

சந்தையில் கிடைக்காவிடில் மனம் தளர வேண்டியதில்லை. மாற்றுவதைவிடச் சீர்செய்வதே பல வேளைகளில் மேலானது. பழைய முகத்தையும் முள்ளையும் வைத்துக்கொண்டு, பழுதான உள்ளுறுப்பை மட்டும் இன்னொரு மானியிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், பாடியும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் சூழ்ந்த நம் மேற்குப் புறநகரில் கைத்திறன் குறைவன்று. தேய்ந்த சிறு பற்சக்கரத்தைப் பார்த்துக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இப்பகுதியில் உண்டு. கடிகாரம் பழுது நீக்கும் முதியவர்கள் சுருள்வில்லைக் கையாளும் பதம் அறிந்தவர்கள். ஆனால் ஈதர் அடைத்த வெப்பமானிக் குழாயை வீட்டில் வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. ஈதர் விரைந்து தீப்பற்றும். அதனை உரிய வல்லுநரிடமே விடுக. இருளில் ஒளிரும் பூச்சுடைய மிகப் பழைய மானிகள் சிலவற்றில் ரேடியம் கலந்திருப்பதும் உண்டு. அப்பூச்சைச் சுரண்டுவதோ அதன் தூளை முகர்வதோ உடலுக்குத் தீங்கு.

பொருத்துமுன் அளந்து பார்த்தல்

கிடைத்த மானியை நம்புவதற்கு முன் அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி வினவுதல் வேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

வேகமானிக்கு: கம்பியின் முகப்பு முனையைக் கழற்றி, அதில் ஓர் அட்டைத்துண்டைச் செருகுக. கியரை நடுநிலையில் வைத்துக் காரை நேர்க்கோட்டில் 16.09 மீட்டர் தள்ளுக. இது ஒரு மைலின் நூற்றில் ஒரு பங்கு. அட்டை சுழன்ற எண்ணிக்கையை நூறால் பெருக்கினால், மானி முகத்தில் இருக்க வேண்டிய எண் கிடைக்கும். பத்துமுறை சுழன்றால் எண் 1000. பொருத்திய பின் சாலையிலும் சோதிக்கலாம். முள் சீராக 60 கிலோமீட்டர் காட்டும்போது, ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லைக் கடக்க 60 வினாடி ஆக வேண்டும். மைல் கணக்கு மானியாயின் 40 காட்டும்போது 56 வினாடி. ஒருவர் காரை ஓட்ட, மற்றொருவரே கடிகாரத்தைப் பார்த்தல் வேண்டும்.

எரிபொருள்மானிக்கு: கலத்தைக் காலி செய்து, ஐந்தைந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறிக்க. இதற்கு ஆவது ஒரு காலைப்பொழுது. இச்சோதனையை 1996இல் ஒருவர் செய்திருந்தால் ஐந்தாம் லிட்டரிலேயே பொய் வெளிப்பட்டிருக்கும்.

வெப்பமானிக்கு: குமிழைக் கொதிக்கும் நீரில் இட்டால் முள் 100 பாகை செல்சியஸ் அல்லது 212 பாகை ஃபாரன்ஹீட் அருகே நிற்க வேண்டும்.

சட்டமும் மனச்சான்றும்

மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஜூலையில், தொன்மை வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறையை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள், அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூலவடிவில் பேணப்பட்டிருப்பின் இதற்கு உரியவை. பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். முதற்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்துக்கோ அன்று. இவ்விதிக்குப் பின் மூலவடிவ மானிகளுக்கு மதிப்பு ஏறியுள்ளது.

மதிப்பு ஏறும் இடத்தில் பொய்யும் ஏறும். மானி மாற்றினால் காரின் ஓடுதொலைவுக் கணக்கும் மாறிவிடுகிறது. இரண்டு லட்சம் மைல் ஓடிய காரில் முப்பதாயிரம் காட்டும் வட்டம் வந்து அமர்கிறது. விற்பவர் வாய் திறக்காவிடினும் முள்ளும் எண்ணும் அவருக்காகப் பொய் பேசுகின்றன. மானி மாற்றிய நாளையும், பழைய எண்ணையும், புதிய எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காரின் ஆவணங்களோடு வைத்தல் உடையவரின் கடமை. அடுத்து வாங்குபவருக்கு அது அமானிதம்.

தமிழறிஞர் உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268ஆம் பாடல்கள் ஏட்டில் கிடைக்கவில்லை. சிதைந்த அடிகளும் பல. கவிபாட வல்லவராயிருந்தும் அவர் அவ்விடங்களைத் தம் சொல்லால் நிரப்பவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். உரிய மானி கிடைக்கும்வரை முகப்பில் ஒரு வெற்றுத்துளை இருப்பதில் இழிவு ஒன்றுமில்லை. வெற்றிடம் எவரையும் ஏமாற்றுவதில்லை. அழகுக்காக வைத்த பொருந்தா மானியோ ஒருவரை நடுவழியில் நிறுத்திவிடும்.

நிறைவாக

வாலாஜாப்பேட்டைப் பயணத்துக்குப் பின் பெரியத்தா அந்த முள்ளை நம்பியதே இல்லை. ஊற்றிய பெட்ரோலையும் ஓடிய மைலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். மாற்றுமானி தொலைவையும் மிகுத்துச் சொல்கிறது என்பது மட்டும் அவர் அறியாதது. மகனை அவர் ஒருநாளும் கடிந்ததில்லை. எனினும் அம்மறதியின் சுமையை மகன் இறக்கி வைக்கவுமில்லை. தந்தை மறைந்த பிறகு காரைக் கொட்டகையில் நிறுத்திப் போர்த்தி வைத்தார்.

2021இல் புதிய விதி வந்தபோது காரைப் பதிவு செய்ய விரும்பி, உரிய மானியைத் தேடிப் பல மாதம் அலைந்தார். புதுப்பேட்டையில் மானிகளைப் பிரித்துச் சீர்செய்யும் முதியவர் ஒருவர், எழுதிக் கொண்டுசென்ற விவரங்களைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வினா வினவினார்: "பழைய மீட்டர் எங்கே தம்பி?" பரணில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள், துணியில் சுற்றியபடியே அது கிடந்தது. முதியவர் அதனை மின்கலத்தோடு இணைத்துச் சோதித்தார். முள் துள்ளி எழுந்து, உரிய இடத்தில் இறங்கியது. அதற்கு ஒரு குறையும் இல்லை! 1996இல் கெட்டிருந்தது கலத்தின் 'எர்த்' இணைப்பு மட்டுமே. பட்டறையில் துருவைத் துடைத்தபோதே நோய் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததை அறியாமல், உண்மை பேசும் சாட்சியை வெளியேற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒத்த முகமுடைய வேறொன்றை அமர்த்தினர்.

பழைய வட்டம் இன்று அதே இடத்தில் இருக்கிறது. அதனைப் பொருத்திய நாளில் அண்ணன் ஐந்து லிட்டர் அளந்து ஊற்றினார், முள் நின்ற இடத்தைக் குறித்தார், மீண்டும் ஊற்றினார். கலம் நிறைந்து முள்ளும் நிறைவைத் தொட்டபோது அவர் நெடுநேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இப்போது சரியாகச் சொல்கிறது" என்றார்.

அடுத்த வெள்ளியன்று நாங்கள் இருவரும் வாலாஜாப்பேட்டை சென்று மாமியின் மண்ணறை அருகே நின்று துஆச் செய்து திரும்பினோம். சுங்குவார்சத்திரத்தைக் கடக்கும்போது அண்ணனின் கண் ஒருமுறை முள்ளின் மேல் சென்று மீண்டது. அது உள்ளதை உள்ளவாறே சொல்லிக்கொண்டிருந்தது.